மூன்று பவுண்டுக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு நான்கு உலகச் சாம்பியன்

டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஆகிய நான்கு உலகக் குத்துச்சண்டை அமைப்புகளின் தலைவர்களுக்கும் தரவரிசைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

ஐயன்மீர்,

1985 டிசம்பரில் தென் கொரியாவின் யூ மியுங்-வூ 108 பவுண்டு எடையில் டபிள்யூ.பி.ஏ. பட்டத்தை வென்றார். அதே எடையில் டபிள்யூ.பி.சி. பட்டம் 1983 முதல் சாங் ஜுங்-கூவிடம் இருந்தது. அவரும் தென் கொரியர்தான். 1988-ல் சாங் பட்டத்தைத் துறக்கும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரே நாட்டில் ஒரே எடையில் இரண்டு உலகச் சாம்பியன்கள். சாங் 15 முறை பட்டத்தைக் காத்தார். யூ தொடர்ந்து 17 முறை காத்தார். இருவர் பெயரும் இன்று அமெரிக்காவின் கனஸ்டோட்டாவில் உள்ள குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் இருக்கிறது. இருவரும் ஒரு சுற்றுகூட ஒருவரையொருவர் எதிர்த்து நின்றதில்லை.

முப்பது ஆண்டு கழித்துத் தாய்லாந்தில் அதே கதை. 105 பவுண்டில் டபிள்யூ.பி.சி. பட்டம் 2014 நவம்பர் முதல் வான்ஹெங் மெனயோதினிடம். டபிள்யூ.பி.ஏ. பட்டம் 2016 முதல் தம்மனூன் நியோம்ட்ராங்கிடம். 2020 நவம்பரில் வான்ஹெங் தோற்கும்வரை இருவரும் தோல்வி காணாத சாம்பியன்கள். அவர்களும் மோதவில்லை.

சின்ன எடைக்காரர்களை யாரும் மதிப்பதில்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் பழி ரசிகர் தலையில் விழுகிறது. அவனுக்குப் பெரிய உடம்பு வேண்டும், நாக்-அவுட் வேண்டும், அமெரிக்க முகம் வேண்டும் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்த எடைக்கு மதிப்பு குறைகிறது, எப்போது திரும்பக் கிடைக்கிறது என்று பிரிவு பிரிவாகப் பார்த்தால், காரணத்தில் பெரும்பங்கு உங்கள் விதிப்புத்தகங்களில்தான் இருக்கிறது. விதியில் இருப்பதை விதியால் திருத்தலாம் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில், எட்டுப் பிரிவுகளுக்கு மட்டும் இருக்கும் அந்தப் பழைய மரியாதை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1909-ல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைகளை வரையறுத்தது. 112, 118, 126, 135, 147, 160, 175, அதற்கு மேல் ஹெவிவெயிட். இந்த எண்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. ஆங்கிலேயர் ஆள் எடையை ஸ்டோன் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. 8 ஸ்டோன் 112 பவுண்டு, 9 ஸ்டோன் 126, பத்தரை ஸ்டோன் 147, பன்னிரண்டரை ஸ்டோன் 175. தராசுக்கல் வசதிக்காகப் போட்ட கோடுகள் நூறு ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டன. அந்த எட்டுக்கும் பரம்பரை இருக்கிறது. ஜிம்மி வைல்டு முதல் இன்றுவரை 112 பவுண்டுச் சாம்பியன்களை வரிசையாகச் சொல்ல முடியும். பின்னால் இடையில் செருகிய ஒன்பது பிரிவுகளுக்கு அந்த வரிசை கிடையாது. அவை ஒவ்வொன்றும் தன் மரியாதையைத் தானே சம்பாதிக்க வேண்டியிருந்தது.

செருகியது குற்றமில்லை. செருகிய விதத்தில்தான் குறை. 1988 நவம்பர் 7 அன்று லாஸ் வேகாஸில் சுகர் ரே லெனர்டும் டானி லலோண்டும் மோதினார்கள். லலோண்டு 175 பவுண்டுச் சாம்பியன். ஒப்பந்த எடை 168. ஒரே போட்டியில் டபிள்யூ.பி.சி. இரண்டு பட்டங்களை வைத்தது: லலோண்டின் 175 பட்டம், புதிதாகத் திறந்த 168 பட்டம். லலோண்டு தன் எடைக்கு 7 பவுண்டு கீழே இறங்கி வந்து தன் பட்டத்தை இழந்தார். லெனர்டுக்கு ஒரே இரவில் நான்காவது, ஐந்தாவது எடைப் பட்டங்கள் கிடைத்தன. தொடங்கிய காலத்திலேயே ஒரு பிரிவை இன்னொருவர் சாதனைக்கு இலவச இணைப்பாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதை யாரும் மதிக்கவில்லையே என்றால் எப்படி?

இப்போது கீழ்த்தட்டுக்கு வருவோம். 105, 108, 112, 115, 118, 122, 126. ஏழு பிரிவுகள், மொத்த இடைவெளி 21 பவுண்டு. கிலோ கணக்கில் ஒன்பதரை. பிரிவுக்கு நான்கு பேர் வீதம் அந்த ஒன்பதரைக் கிலோவுக்குள் 28 உலகச் சாம்பியன்கள் இருக்க இடமுண்டு. இடைக்காலப் பட்டம், சூப்பர் பட்டம், சாதாப் பட்டம் என்று டபிள்யூ.பி.ஏ. அடுக்கிவைத்திருந்த காலத்தில் இன்னும் அதிகம்.

மெலிந்தவருக்கு மூன்று பவுண்டு பெரிய விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், விழுக்காட்டிலேயே பார்ப்போம். 105-இலிருந்து 108 என்பது 2.9 விழுக்காடு. 112-இலிருந்து 115, 2.7. 115-இலிருந்து 118, 2.6. நடுவில் 140-இலிருந்து 147 என்பது 5 விழுக்காடு. 160-இலிருந்து 168-உம் 5. மேலே போனால் 175-இலிருந்து 200 என்பது 14 விழுக்காட்டுக்கு மேல். எந்த உடலியல் கணக்கும் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்காது. கீழே தேவைக்கு மேல் கோடு போட்டிருக்கிறீர்கள், மேலே போடவேண்டிய இடத்தில் விட்டுவிட்டீர்கள்.

அதற்காக 108-ஐயும் 115-ஐயும் தூக்கிவிடுங்கள் என்று கேட்க மாட்டோம். கணக்குப்படி தூக்கலாம், 112-க்கும் 118-க்கும் இடையே 5.4 விழுக்காடு, அது தாங்கக்கூடிய இடைவெளிதான். ஆனால் காவோசாய் கேலக்ஸி 1984 முதல் 1991 வரை ஆண்ட எடை 115. 19 முறை பட்டத்தைக் காத்தார், அதில் 16 நாக்-அவுட். ரோமன் கொன்சாலெஸ், ஸ்ரீசாகெட், எஸ்ட்ராடா, குவாட்ராஸ் நால்வரும் ஒருவரையொருவர் உருட்டி எடுத்ததும் இதே 115-ல். இவ்வளவு ரத்தம் சிந்திப் பெயர் வாங்கிய பிரிவை இனிமேல் அழிப்பது அநியாயம். பிரிவுகள் இருக்கட்டும், பட்டங்கள் குறையட்டும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், சின்னதுதான், ஆனால் எரிச்சலானது. 105 பவுண்டை உங்களில் ஒருவர் மினிமம் என்கிறார், ஒருவர் ஸ்ட்ரா என்கிறார், ஒருவர் மினி ஃப்ளை என்கிறார். 108-க்கு லைட் ஃப்ளை, ஜூனியர் ஃப்ளை. 115-க்கு சூப்பர் ஃப்ளை, ஜூனியர் பான்டம். வைக்கோல், ஈ, குட்டி ஈ, சண்டைக்கோழி. அதன்மேல் ஜூனியர் என்று ஒரு அடைமொழி. ஹெவிவெயிட் என்றால் எல்லா நாட்டிலும் ஹெவிவெயிட்தான். 105-ல் இரண்டு பட்டங்களை ஒருவர் சேர்த்துவிட்டார் என்ற செய்தியைப் படிக்கும் சாதாரண ரசிகனுக்கு, இரண்டும் ஒரே எடையா வேறு எடையா என்பதே புரிவதில்லை. ஒரே பெயர் வைக்க உங்களுக்குப் பைசா செலவில்லை.

இனி முக்கியமான இடம். வான்ஹெங் 2018-ல் 50 வெற்றியைத் தாண்டினார். மேவெதரின் 50-0 கணக்கை ஒருவர் மிஞ்சிவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது, கூடவே கேலியும் வந்தது. கடைசியில் 54-0 வரை போய், 2020-ல் சொந்த நாட்டுக்காரர் பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் தோற்றார். அந்தக் கேலியில் இனவாடையும் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எதிராளிகளின் பட்டியலை வரிசையாகப் படிப்பவர் யாரும் அந்தக் கேலியை முழுக்க அநியாயம் என்று சொல்ல முடியாது. வான்ஹெங் நல்ல வீரர். அவரை நிரூபிக்கவிடாமல் செய்தது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு இப்படி நடக்கிறது. சாம்பியன் தானாகத் தேர்ந்தெடுக்கும் எதிராளி உங்கள் தரவரிசையின் முதல் 15 பேருக்குள் இருந்தால் போதும். 147 பவுண்டில் 15-வது ஆள் என்றால் அவர் கடினமான ஆள். அந்த எடையில் உலகம் முழுக்கத் தொழில்முறை வீரர்கள் நிறைந்திருக்கிறார்கள். 105-ல் ஆட்கள் மிகக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் ஜப்பான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மெக்ஸிகோ, நிகராகுவா, போர்ட்டோ ரிக்கோ, தென் ஆப்பிரிக்கா என்று சில நாடுகளில்தான். நான்கு அமைப்பும் தனித்தனியே 15 பேர் போட வேண்டும். மற்ற அமைப்புகளின் சாம்பியன்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆக, அந்த எடையின் தலைசிறந்த மூவர் கண்ணுக்கே தெரியாமல் போகிறார்கள். காலியிடத்தை நிரப்ப வட்டாரப் பட்டங்கள் வருகின்றன. ஏழெட்டுப் போட்டி ஆடிய ஒருவர் ஓர் ஆசிய வட்டாரப் பட்டத்தை வென்றால் நேரே தரவரிசைக்குள் வந்துவிடுகிறார். அந்த வட்டாரப் போட்டிக்கும் உங்களுக்குக் கட்டணம் உண்டு. பிறகு அவர் உலகப் பட்டத்துக்குச் சொந்த ஊர் சாம்பியனோடு மோதுகிறார், நான்காவது சுற்றில் விழுகிறார். பட்டக் காப்பு என்று கணக்கில் ஒன்று ஏறுகிறது.

இப்படி 12, 13 என்று ஏறிய எண்ணிக்கையை யாரும் நம்புவதில்லை. நம்பாததோடு நிற்காமல், நிஜமாகவே பெரியவர்களான ரிக்கார்டோ லோபெஸ் போன்றோரின் எண்ணிக்கையையும் சேர்த்தே சந்தேகிக்கிறார்கள். லோபெஸ் 1990-ல் டோக்கியோவில் ஒஹாஷியை வீழ்த்தி 105 பட்டத்தை எடுத்தார். 51 வெற்றி, ஒரு சமன், தோல்வி இல்லாமல் ஓய்வு பெற்றார். அந்த ஒரே சமன் ரோசெண்டோ அல்வாரெஸோடு. அது பட்டங்களை ஒன்றுசேர்க்க, அதாவது இரண்டு அமைப்புகளின் பட்டங்களையும் ஒருவரே எடுக்க, அவர் முயன்ற போட்டிகளில் ஒன்று. எட்டு மாதத்தில் மறுபடி மோதி வென்றார். அவருடைய பட்டியலில் இன்றும் பேசப்படுவது அந்த இரண்டு போட்டிகள்தான். மற்றவற்றையும் அவர் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார். ஆனால் அவற்றில் எதிரே நின்றவர் யாரென்று கேட்டால் தேடித்தான் சொல்ல வேண்டும்.

சின்ன எடையில் நாக்-அவுட் வராது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். லோபெஸின் 51 வெற்றியில் 38 நாக்-அவுட். கேலக்ஸியின் 47-ல் 41. ரோமன் கொன்சாலெஸ் முதல் தோல்விக்கு முன் 46 வெற்றி, 38 நாக்-அவுட். நவோயா இனோவே 2014-ல் 108 பவுண்டில் பட்டம் வென்று, அந்த எடைக்கு இறங்குவது தாங்காமல் 112-ஐத் தாண்டி 115-க்குப் போய், அதே டிசம்பரில் ஒமர் நர்வாயெஸை இரண்டாவது சுற்றில் முடித்தார்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் மரியாதையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு கணக்குக்கு, 105 பவுண்டுச் சாம்பியனுக்கு ஒரு பட்டப் போட்டியில் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் 6,667 போய்விடும். பயிற்சியாளருக்குப் பத்து விழுக்காடு, 2,000. உங்கள் கட்டணம் 3 விழுக்காடு, 600. மிச்சம் 10,733. வரிக்கு முன்னால். எட்டு முதல் பத்து வாரப் பயிற்சி முகாம், அதில் கூலி வேலைக்கும் போக முடியாது. ஆண்டுக்கு இரண்டு போட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். 600 டாலர் பெரிய தொகையா என்று கேட்பீர்கள். தனியாகப் பார்த்தால் இல்லை. ஆனால் அதே சாம்பியன் இன்னொரு அமைப்பின் சாம்பியனோடு மோதினால் இரண்டு அமைப்புக்கும் கட்ட வேண்டும். மூன்று பட்டம் மேசையில் இருந்தால் மூன்று கட்டணம். ரசிகன் மதிக்கும் ஒரே வகைப் போட்டிக்கு நீங்கள்தான் கூடுதல் விலை வைத்திருக்கிறீர்கள்.

கட்டணம் போகட்டும், வென்ற பிறகு என்ன? ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கட்டாயப் போட்டியாளர், அதாவது சாம்பியன் மோதியே ஆகவேண்டிய ஆள், காத்திருப்பார். மூன்று பட்டம் வைத்திருப்பவர் மூன்று வரிசைக்குப் பதில் சொல்ல வேண்டும்; ஒரு வரிசை தாமதமானால் பட்டம் பறிபோகும். ஹெவிவெயிட்டிலேயே இதுதான் நிலை. 2024 மே 18 அன்று ரியாத்தில் உசிக் டைசன் ஃப்யூரியை வென்று நான்கு பட்டங்களையும் சேர்த்தார். ஜூன் மாதமே ஐ.பி.எஃப். பட்டம் அவர் கையில் இல்லை. கோடிகள் புரளும் எடையில் இது நடக்கும்போது, தொலைக்காட்சிப் பணம் எட்டிப் பார்க்காத 105-ல் எந்த ஏற்பாட்டாளர் ஒன்றுசேர்ப்புக்குத் துணிவார்? நான்கு பட்டக் காலத்தில் ஆண்கள் பிரிவில் 105, 108, 112 மூன்றிலும் எல்லாப் பட்டங்களையும் ஒருவரே வைத்திருந்ததை நாங்கள் பார்த்ததில்லை. பெண்கள் பிரிவில் அது நடந்திருக்கிறது. 2024 மார்ச்சில் செனியேசா எஸ்ட்ராடா 105-ல் நான்கையும் சேர்த்தார், நவம்பரில் கேப்ரியேலா ஃபுண்டோரா 112-ல் சேர்த்தார். ஆக, முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள்.

எடை பார்க்கும் விதியில் உள்ள ஓட்டையை நீங்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. ஐ.பி.எஃப். போட்டி நாள் காலையில் மறுபடி தராசில் ஏறச் சொல்கிறது. வரம்புக்கு மேல் 10 பவுண்டைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. நான்கு பேரில் நீங்கள் ஒருவர்தான் இதைச் செய்கிறீர்கள் என்பதற்கு நன்றி. ஆனால் 10 பவுண்டு எல்லாருக்கும் ஒரே 10 பவுண்டா? 175 பவுண்டுக்காரர் 185 ஆகலாம், அது 5.7 விழுக்காடு. 105 பவுண்டுக்காரர் 115 ஆகலாம், அது 9.5 விழுக்காடு, அதாவது மூன்று பிரிவு மேலே. விதிக்குக் கட்டுப்பட்டே ஒருவர் 105-ல் எடை காட்டிவிட்டு, 115-காரராக வளையத்துக்குள் ஏறலாம். டபிள்யூ.பி.சி. 30 நாள் முன்பு 10 விழுக்காடு என்று விழுக்காட்டில் கணக்கிடுகிறது. அதுதான் சரியான முறை. போட்டி நாள் காலையில் 7 விழுக்காடு என்று நால்வரும் வைத்தால் 105-க்கு 112 வரும், 175-க்கு 187 வரும். கீழ் எடைகளுக்கு இறுக்கம், மேல் எடைகளுக்கு இப்போது இருப்பதைவிடச் சற்றே தளர்வு.

இதற்கும் மரியாதைக்கும் என்ன தொடர்பு? உண்டு. சிறிய உடம்பில் இறக்குவதற்குக் கொழுப்பு அதிகம் இருக்காது. 54 கிலோவில் நடமாடுபவர் 47.6-க்கு வர வேண்டுமென்றால் உடம்பில் 12 விழுக்காடு போக வேண்டும். உப்பையும் மாவுச்சத்தையும் நிறுத்தி, வெந்நீரில் உட்கார்ந்து, வியர்வை உடுப்பில் ஓடிக் கடைசி இரண்டு மூன்று கிலோவைத் தண்ணீராகத்தான் இறக்குவார்கள். போன தண்ணீர் ஒரு நாளில் முழுக்கத் திரும்பாது. எட்டாவது சுற்றில் கால் நின்றுவிடுகிறது, குத்து வந்தால் தலை தாங்குவதில்லை. திரையில் பார்ப்பவர், இவர்கள் வேகமாகத் தொடங்கிச் சோர்ந்து போகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போகிறார். மேனி பக்கியாவ் 1998-ல் 112-ல் சாம்பியன். மறு ஆண்டு தாய்லாந்தில் எடையில் தவறித் தராசிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் மூன்றாவது சுற்றில் விழுந்தார். அடுத்து அவர் உலகப் பட்டம் வென்றது 122-ல், 2001-ல். 112-ல் வறண்டுபோன அந்த இளைஞனை மட்டும் பார்த்தவர்கள், பின்னால் எட்டு எடைகளை வென்ற ஆளை எப்படிக் கணித்திருப்பார்கள்?

மேலே இருக்கும் அவமரியாதை வேறு ரகம். 175-க்கும் ஹெவிவெயிட்டுக்கும் இடையில் உள்ள குரூஸர் எடை ஒரு காத்திருப்பு அறை. 1979 டிசம்பரில் மார்வின் கேமலும் மாட்டே பார்லோவும் சமனில் முடித்த நாளிலிருந்து அது அப்படித்தான். வரம்பு முதலில் 190, பின்னர் 200. ஹோலிஃபீல்டு 1986-ல் குவாவியோடு 15 சுற்று ஆடிய போட்டி எந்த எடையிலும் பெருமை தரக்கூடியது. 1988 ஏப்ரலில் அவர் பட்டங்களை ஒன்றுசேர்த்தார், உடனே ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டார். உசிக் போலந்து, ஜெர்மனி, லாட்வியா, ரஷ்யா, இங்கிலாந்து என்று எதிராளியின் நாட்டுக்கே போய்ப் போய் வென்றார். 2018 ஜூலையில் மாஸ்கோவில் நான்கு பட்டமும் சேர்ந்தது. அப்போது கிடைக்காத புகழ், அதே ஆள் அதே கால்வீச்சோடு ஹெவிவெயிட் சாம்பியன் ஜோஷுவாவை வென்ற 2021-ல் கிடைத்தது. அந்தப் பிரிவில் திறமைக்குக் குறைவில்லை. யாரும் அங்கே தங்குவதில்லை, அவ்வளவுதான். பணம் 200-க்கு மேலே இருக்கிறது.

இந்த நோய்க்கு டபிள்யூ.பி.சி. 2020-ல் கொடுத்த மருந்து பிரிட்ஜர்வெயிட், 200 முதல் 224 வரை. தங்கையை நாயிடமிருந்து காத்த ஆறு வயதுச் சிறுவன் பிரிட்ஜர் வாக்கரின் பெயர். பெயர் வைத்த மனசு நல்ல மனசு. 210 பவுண்டுக்காரரை 270 பவுண்டுக்காரரிடமிருந்து காப்பாற்றும் எண்ணத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஐ.பி.எஃப்.பும் டபிள்யூ.பி.ஓ.வும் ஏற்காத பிரிவில் ஒருவர் எதை ஒன்றுசேர்ப்பார்? இரண்டு பேர் மட்டும் ஒப்புக்கொண்ட கோடு எல்லைக்கோடு ஆகாது. நால்வரும் ஏற்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

மதிப்பு எப்படித் திரும்பும் என்பதற்குச் சாட்சிகள் நிறைய. 168 பவுண்டு நெடுநாள் ஐரோப்பியர் வீட்டு விஷயமாக இருந்தது. 2009-ல் ஷோடைம் தொலைக்காட்சி ஆறு பேரை வைத்து சூப்பர் சிக்ஸ் தொடரைத் தொடங்கியது. 2011 டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் வார்டு ஃப்ரோச்சை வென்று முடித்தார். தாமதம், காயம், விலகல் என்று ஆயிரம் குறை அந்தத் தொடரில். ஆனாலும் அதற்குப் பிறகு 168-ஐ யாரும் தாழ்வாகப் பேசவில்லை. பத்து ஆண்டு கழித்து கனெலோ நான்கு பட்டத்தைச் சேர்த்ததும் அந்த எடையில்தான். 108-ல் 1993 மார்ச்சில் ஐ.பி.எஃப். சாம்பியன் கார்பஹாலும் டபிள்யூ.பி.சி. சாம்பியன் ஹும்பர்ட்டோ கொன்சாலெஸும் மோதினார்கள். கார்பஹால் இரண்டு முறை கீழே விழுந்து எழுந்து, ஏழாவது சுற்றில் முடித்தார். ரிங் என்ற குத்துச்சண்டைப் பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த போட்டி என்றது. மறு ஆண்டு மறுமோதலுக்கு கார்பஹாலுக்குப் பத்து லட்சம் டாலர். 108 பவுண்டுக்காரர் அவ்வளவு வாங்கியது அதுவே முதல் முறை. உடம்பு பெருக்கவில்லை, இரண்டு பட்டம் ஒரே மேசைக்கு வந்தது.

2015 அக்டோபரில் ரிங் பத்திரிகையின் எடை பேதமற்ற வரிசையில் ரோமன் கொன்சாலெஸ் முதலிடத்தில் இருந்தார். அந்த மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் ஆடியது 160 பவுண்டுச் சாம்பியன் கோலோவ்கினின் முக்கியப் போட்டிக்கு முந்தைய துணைப் போட்டியில். 2017 செப்டம்பரில் கார்சனில் 115 பவுண்டுக்காரர்களையே தலைப்பாக வைத்து எச்.பி.ஓ. தொலைக்காட்சி ஒரு முழு இரவை ஒதுக்கியது. ஸ்ரீசாகெட்–கொன்சாலெஸ், எஸ்ட்ராடா–குவாட்ராஸ், இனோவேயின் முதல் அமெரிக்கப் போட்டி, மூன்றும் ஒரே மேடையில். சூப்பர்ஃப்ளை என்று அந்த எடையின் பெயரையே நிகழ்ச்சிக்கு வைத்தார்கள். 2022 நவம்பரில் சைதாமாவில் 108-ன் இரண்டு ஜப்பானியச் சாம்பியன்கள், கென்ஷிரோவும் கியோகுச்சியும், மோதி ஏழாவது சுற்றில் முடிவு கண்டார்கள். சாங்கும் யூவும் செய்யாததை அதே எடையில் இவர்கள் செய்தார்கள். 2024 மே மாதம் இனோவேக்காக டோக்கியோ டோம் திறந்தது. டைசன் டக்ளஸிடம் விழுந்த 1990-க்குப் பிறகு அங்கே குத்துச்சண்டை நடந்தது அப்போதுதான். இனோவேயின் எடை 122.

இவற்றில் எதையும் உங்கள் உத்தரவு கொண்டுவரவில்லை. தொலைக்காட்சியோ ஏற்பாட்டாளரோ வீரரோ பிடிவாதமாக நின்று கொண்டுவந்தார்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது, குறைந்தது குறுக்கே நிற்காமல் இருங்கள் என்பதுதான்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் உண்டு. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 49 கிலோப் பிரிவு 2016 ரியோவோடு முடிந்தது. ரியோவில் அந்த எடையில் தங்கம் வென்றவர் உஸ்பெகிஸ்தானின் துஸ்மாதோவ். 2018 ஆசிய விளையாட்டு இறுதியில் அவரை வென்றவர் இந்தியாவின் அமித் பங்கல். டோக்கியோவுக்காகப் பங்கல் 52-க்கு ஏற வேண்டியிருந்தது. துஸ்மாதோவ் எட்டு ஆண்டு காத்திருந்து பாரிஸில் 51-ல் இன்னொரு தங்கம் எடுத்தார். மேரி கோம் 2012-ல் 51-ல் வெண்கலம் வென்றதும், அவருடைய 48 கிலோ அங்கே இல்லாததால்தான். அமெச்சூர் ஏணியில் கீழ்ப்படி உடைந்துவிட்டது. இனி 105-க்கும் 108-க்கும் வரும் இளைஞர்களுக்கு உங்கள் மேடை ஒன்றுதான்.

ஆகவே 105 முதல் 112 வரை மட்டுமாவது, இரண்டு ஆண்டு சோதனையாக, இவற்றைச் செய்யுங்கள். சாம்பியன் தானாகத் தேர்ந்தெடுக்கும் எதிராளி குறைந்தது இரண்டு அமைப்பின் முதல் 15-ல் இருக்க வேண்டும். வட்டாரப் பட்டக் குறுக்குவழி அதோடு அடைபடும். ஒன்றுசேர்ப்புப் போட்டி நடந்தால் அதையே எல்லா அமைப்பும் அவ்வாண்டின் கட்டாயப் போட்டியாக ஏற்று, வென்றவருக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தரட்டும். அந்தப் போட்டிக்கு மொத்தக் கட்டணம் 3 விழுக்காட்டைத் தாண்டாமல் நீங்களே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். காலை எடையை விழுக்காட்டுக்கு மாற்றுங்கள். போட்டியை நடத்தும் உரிமைக்கான ஏலத்தில் எடை வாரியாகக் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பவர்கள், பட்டம் இரண்டானால் தொகையும் இரட்டிக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னும் ஒன்று. ஒரே எடையில், ஒரே நாட்டில் இரண்டு அமைப்புகளின் சாம்பியன்கள் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால், பதின்மூன்றாம் மாதம் இரு அமைப்பும் சேர்ந்து ஏலம் அறிவித்தாக வேண்டும். ஆட மறுப்பவர் பட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். விசா வேண்டாம், நேர வித்தியாசம் இல்லை, அரங்கு நிறையும். இதற்குச் சாங்–யூ விதி என்று பெயர் வைத்தால் எங்களுக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
சிறிய எடைகளின் போட்டிகளைத் தவறாமல் பார்த்து எழுதும் சிலர்